சூட்டு உடம்புக்கு சென்ட் நிற்காதா?

மாமா துபாயிலிருந்து வரும்போதெல்லாம் பெட்டியில் ஒரு சென்ட் பாட்டில் இருக்கும். எனக்கும் தங்கைக்கும் சேர்த்து ஒன்றுதான். ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது இரண்டு பேரும் அதே பாட்டிலை எடுத்து மணிக்கட்டில் இரண்டு தடவை, கழுத்தில் ஒரு தடவை அடித்துக்கொண்டோம். ஆட்டோ மண்டபத்து வாசலில் நிற்பதற்குள் என் கையில் ஒன்றும் மிச்சமில்லை. தங்கை பக்கத்தில் உட்கார்ந்தவர்களெல்லாம் "என்ன சென்ட்டும்மா, சந்தனம் மாதிரி இருக்கே" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா என் கையை மோந்து பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "உனக்குச் சூட்டு உடம்புடி. சூட்டு உடம்புக்கு சென்ட் நிக்காது."

அந்த வார்த்தை பல வருஷம் என்னோடு ஒட்டிக்கொண்டே வந்தது. கல்லூரி முடியும்வரை நான் சென்ட் பக்கமே போகவில்லை. என் உடம்பில் ஏதோ கோளாறு, எது போட்டாலும் அது கெட்டுப்போகும் என்று உள்ளுக்குள் நம்பினேன். இப்படி நம்புகிறவர்களை இன்றும் அடிக்கடி பார்க்கிறேன். "அவ போட்டா நல்லாருக்கு, நான் போட்டா ஒரு மாதிரி நெடி அடிக்குது" என்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரே வாசனை இரண்டு பேர் மேல் வேறு வேறாகத் தெரிவது உண்மைதான். அதற்கான காரணங்கள் பெரும்பாலும் எளிமையானவை, அவற்றில் வெட்கப்பட எதுவும் இல்லை.

முதலில் பாட்டிலுக்குள் இருப்பதைப் பார்ப்போம். நாம் சென்ட் என்று வாங்குவதில் பெரும்பகுதி ஆல்கஹால். வாசனைத் தைலத்தின் பங்கு, ஓ த டாய்லெட் என்று போட்டிருந்தால் பொதுவாக 5 முதல் 15 சதவீதம், ஓ த பர்ஃபம் என்றால் 15 முதல் 20 சதவீதம் வரை. அடித்தவுடன் தோலில் ஜில்லென்று இருக்கிறதே, அது ஆல்கஹால் ஆவியாகிப் போவதால் வருவது. ஓரிரு நிமிஷத்தில் அது முழுக்கப் போய்விடும். அதற்குப் பிறகு தோல்மேல் தங்குவது பத்துக்கணக்கில், சில சமயம் நூற்றுக்கணக்கில் வாசனைப் பொருட்கள் கலந்த ஒரு மெல்லிய தைலப் படலம். நம் மூக்கு அந்தப் படலத்தை மோப்பதில்லை. அதிலிருந்து பிரிந்து காற்றில் ஏறும் மூலக்கூறுகளை மட்டுமே மோக்கிறது. எது பறக்கிறதோ அதுதான் வாசனை. கீழே உட்கார்ந்திருப்பது எவ்வளவு உயர்ந்த சரக்காக இருந்தாலும், பறக்காதவரை அது இல்லாத மாதிரிதான்.

எல்லாம் ஒரே வேகத்தில் பறப்பதில்லை. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் இருக்கும் லிமோனீன் முதலில் கிளம்பும். மல்லிகை, ரோஜா வகைகள் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். சந்தனத்தில் இருக்கும் சாண்டலாலும் கஸ்தூரி வாடைக்காகச் சேர்க்கும் செயற்கைப் பொருட்களும் சாயங்காலம்வரை, துணியில் பட்டிருந்தால் மறுநாள்கூட இருக்கும். இதைத்தான் கடைக்காரர்கள் டாப் நோட், மிடில் நோட், பேஸ் நோட் என்கிறார்கள். மூலக்கூறு சிறியதென்றால் சீக்கிரம் பறக்கும், பெரியதென்றால் தங்கும் என்று சுருக்கமாகச் சொல்வதுண்டு. அது பாதிதான் சரி. லேவண்டரில் இருக்கும் லினாலூலின் மூலக்கூறு எடை 154. வனிலாவின் வனிலினுக்கு 152. எடை ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் லினாலூல் 198 டிகிரியில் கொதிக்கிறது, வனிலினுக்கு 285 டிகிரி வேண்டும். வனிலின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல இறுகப் பிடித்துக்கொள்கின்றன. அதனால்தான் லேவண்டர் அரைநாள்கூட நிற்பதில்லை, வனிலா ராத்திரிவரை மணக்கிறது. பக்கத்தில் யார் இருக்கிறார்கள், எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே ஒரு மூலக்கூறு கிளம்பும் நேரம் அமைகிறது. இதை மனசில் வைத்துக்கொண்டால் தோலின் கதை பாதி புரிந்த மாதிரி.

தோலின் மேலடுக்கு இறந்த செல்களால் ஆனது. கையில் அது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்கு கனம்தான், செய்தித்தாளைவிட மெல்லிசு. அந்த இறந்த செல்கள் செங்கல் மாதிரி அடுக்கியிருக்க, நடுவில் சுண்ணாம்புக் கலவை பூசியதுபோல ஒருவகைக் கொழுப்பு நிறைந்திருக்கிறது. செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் சேர்ந்த கலவை அது. இதற்கு மேலே, எண்ணெய்ச் சுரப்பிகளிலிருந்து வரும் பசையும் இருக்கும். நெற்றியிலும் தலையிலும் இந்தச் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கின்றன, முன்கையில் குறைவு, உள்ளங்கையில் அறவே கிடையாது.

வாசனைத் தைலம் எண்ணெயோடு சேரும் சாதி. தோலில் பட்டதும் இந்தக் கொழுப்பிலும் பசையிலும் கரைந்துகொள்ளும். கரைந்த மூலக்கூறு உடனே பறக்க முடியாது. பக்கத்தில் இருக்கும் எண்ணெய் அதைப் பிடித்து வைத்திருக்கும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். எண்ணெய்ப் பசையுள்ள தோலில் வாசனை மெதுவாகக் கிளம்பி நெடுநேரம் வருவது இதனால்தான். வறண்ட தோலில் பிடித்து வைக்க ஆளில்லை. எலுமிச்சையும் பூவும் விறுவிறுவென்று பறந்துவிடும், அடியில் இருக்கும் கனத்த வாசனை மட்டும் தோலோடு ஒட்டிக்கொண்டு லேசாக வரும். அதோடு எல்லாமே மேலே போவதும் இல்லை. ஒரு பங்கு தோலுக்குள் இறங்கிவிடும். மேலே பறப்பதும் உள்ளே இறங்குவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

இப்போது சூட்டு விஷயம். பெரியம்மா சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. உடம்புக்குள் 37 டிகிரி என்றாலும் மணிக்கட்டுத் தோல் சாதாரணமாக 32, 33 டிகிரிதான் இருக்கும். ஏசி போட்ட கடையில் காகிதப் பட்டையில் அடித்து மோந்தால் அது 24 டிகிரியில் இருக்கும். பத்து டிகிரி ஏறினால் இந்த வகைப் பொருட்கள் ஆவியாகும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஆகவே காகிதத்தைவிடக் கை வேகமாக வாசனையை விடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் நடுவில் தோல்சூட்டில் எவ்வளவு வித்தியாசம் இருந்துவிடப் போகிறது? ஒரு டிகிரி, மிஞ்சினால் இரண்டு. கணக்குப் போட்டால் ஒரு டிகிரிக்கு ஆவியாகும் வேகம் 7 சதவீதம் போலத்தான் கூடும். தங்கை மேல் ஆறு மணி நேரம் நின்றது என் மேல் அரைமணியில் காணாமல் போனதற்கு இந்த 7 சதவீதம் காரணமாக இருக்க முடியாது.

இது புரிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே ஒரு சோதனை செய்தேன். ஒரு வீட்டில் ஒரு நாள் செய்தது, இதை ஆய்வு என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் நீங்களும் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், அதனால் விவரமாகவே சொல்கிறேன். முந்தின நாளே தங்கையும் நானும் வாசனையில்லாத சோப்புக்கு மாறிவிட்டோம். காலை ஒன்பது மணிக்கு ஒரே பாட்டிலிலிருந்து ஐந்து இடத்தில் ஒவ்வொரு தடவை அடித்தோம். என் இடது மணிக்கட்டு வெறுமனே, என் வலது மணிக்கட்டில் வாசனையில்லாத வாசலின் ஒரு பட்டாணி அளவு தேய்த்து அதன்மேல், தங்கையின் இடது மணிக்கட்டு, ஒரு வெள்ளைக் காகிதம், ஒரு பருத்திக் கைக்குட்டை. அந்த சென்ட்டில் தூக்கலாக எலுமிச்சை, பிறகு மல்லிகை, கடைசியில் சந்தனமும் வெள்ளைக் கஸ்தூரியும் வரும்.

ஒன்பதரைக்கே என் இடது கையில் எலுமிச்சை போய்விட்டது. தங்கை கையில் அது மல்லிகையோடு கலந்து, தோலுரித்த நாரத்தம்பழம் மாதிரி ஈரமாக இருந்தது. காகிதத்தில் எலுமிச்சை இன்னும் கூர்மையாக, மூக்கில் குத்துகிற மாதிரி நின்றது. பதினொரு மணிக்கு என் இடது கையில் மூக்கை ஒட்டி வைத்தால்தான் சந்தனம் தெரிந்தது, மல்லிகையைக் காணோம். மூன்று மணிக்கு அம்மாவைக் கூப்பிட்டுக் கண்ணைக் கட்டி உட்கார வைத்தோம். என் வலது கையையும் தங்கையின் இடது கையையும் மாற்றி மாற்றி மூன்று தடவை நீட்டினோம். "ரெண்டும் ஒண்ணுதானேடி, ஒருத்தி கையையே ரெண்டு தடவ காட்டுறீங்களா?" என்று அம்மா கேட்டார். என் இடது கையை நீட்டினபோது, "இதுல ஒண்ணுமில்ல" என்றார்.

என் உடம்பு அதே உடம்பு, ரத்தமும் சூடும் அதேதான். ஒரு பட்டாணி வாசலின்தான் வித்தியாசம். பல வருஷமாக என் முகம் கழுவினால் இழுக்கும், கையில் நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழும். எனக்கு இருந்தது வறண்ட சருமம். அதைச் சூட்டு உடம்பு என்று பெயர் வைத்துச் சொல்லிவிட்டார்கள், அவ்வளவுதான். தங்கை வாரத்துக்கு இரண்டு நாள் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவள், நான் அதற்குச் சோம்பல்படுகிறவள் என்பதும் இதில் சேர்த்தி.

நம் ஊர் வெயிலும் புழுக்கமும் இதில் தம் பங்கைச் செய்கின்றன. மே மாத மத்தியானம் பஸ் ஸ்டாப்பில் நின்றால், ரத்தக் குழாய்கள் விரிந்து தோல்சூடு நிஜமாகவே ஏறும். காலையில் போட்டது முடிந்துபோய்விட்டது என்று நினைத்திருப்போம், திடீரென்று ஒரு அலை மாதிரி எழுந்து வரும். கனத்த பொருட்களுக்கு அப்போதுதான் பறக்கத் தெம்பு வருகிறது. குளிர்நாடுகளில் கோட்டும் கழுத்துத் துண்டும் போட்டுக்கொண்டு போகிறவர்களுக்காகக் கலந்த கனமான சென்ட் சென்னை ஷேர் ஆட்டோவில் தலைவலி கொடுப்பதற்கும் இதுவே காரணம். வியர்வை வழிய ஆரம்பித்துவிட்டால் கதை வேறு, அது படலத்தையே கழுவிக்கொண்டு போகும், நாமும் துடைத்துக்கொண்டே இருப்போம்.

பி.எச், அதாவது ஒரு பொருள் அமிலமா காரமா என்று காட்டும் அளவு, அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். "உங்க ஸ்கின்னோட பி.எச் வேற, அதான் ஸ்மெல் மாறுது" என்று கடையில் சொல்வார்கள், இணையத்திலும் இதைத்தான் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். தோல் லேசான அமிலத்தன்மை உடையது, பி.எச் பெரும்பாலும் 4.5-க்கும் 6-க்கும் நடுவில் இருக்கும். ஆளுக்கு ஆள் அரைப் புள்ளி, ஒரு புள்ளி மாறலாம். ஆனால் கட்டி சோப்பின் பி.எச் 9, 10 வரை இருக்கும். அவ்வளவு காரத்துக்குள் மாதக்கணக்கில் கிடந்தும் சந்தன சோப்பு சந்தனமாகத்தான் மணக்கிறது. சோப்புக்கு ஏற்ற வாசனைப் பொருளாகப் பொறுக்கித்தான் போடுகிறார்கள், அது உண்மை. இருந்தாலும், அந்த அளவைத் தாங்குகிற பொருட்கள் தோலின் அரைப் புள்ளி வித்தியாசத்தில், அதுவும் சில மணி நேரத்தில், உருமாறிப் போகும் என்று சொல்வது பொருந்தவில்லை. பி.எச் விளக்கம் கேட்க அறிவியல் மாதிரி இருக்கிறது, அதனால் பரவிவிட்டது என்றே நினைக்கிறேன். எண்ணெய்ப் பசை, சூடு, ஈரம், இந்த மூன்றும் செய்கிற வேலையில் சிறு பங்குகூட அது செய்வதாகத் தெரியவில்லை.

அப்படியானால் தோல் வாசனைப் பொருளை உடைப்பதே இல்லையா என்றால், கொஞ்சம் உடைக்கும். அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து உருவாகும் எஸ்டர் வகைப் பொருட்களைப் பிளக்கும் நொதிகள் தோலில் இருக்கின்றன. மல்லிகை மணத்தின் முக்கியப் பொருளான பென்சைல் அசிடேட் ஒரு எஸ்டர்தான். ஆனால் இந்த உடைப்பு பெரும்பாலும் உள்ளே இறங்கிய பங்குக்கு நடப்பது. மேலே பறந்து மூக்குக்கு வரும் பங்கு அப்படியேதான் வருகிறது. மனசில் வைத்துக்கொள்ள வேண்டியது, தோல் பெரும்பாலும் வாசனையை மாற்றி எழுதுவதில்லை, அது வெளிவரும் வேகத்தையும் வரிசையையும்தான் மாற்றுகிறது. கச்சேரியில் வயலின் முதலில் ஓய்ந்து மிருதங்கம் மட்டும் கேட்டால் பாட்டே வேறு மாதிரி இருக்கும் இல்லையா, அப்படி.

இனி நம் உடம்பின் சொந்த வாசனை. வியர்வைக்கு வாடை உண்டு என்று நினைக்கிறோம், ஆனால் புதிதாக வந்த வியர்வைக்கு அனேகமாக வாடையே கிடையாது. நம் உடம்பில் 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை உப்புத் தண்ணீரைத்தான் விடுகின்றன. அக்குளில் இருக்கும் இன்னொரு வகைச் சுரப்பி கொழுப்பும் புரதமும் கலந்த கெட்டியான திரவத்தை விடும். தோலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதைத் தின்று உடைக்கும்போது வருவதுதான் நாம் அறிந்த அந்த வாடை. யார் உடம்பில் எந்த பாக்டீரியா எவ்வளவு குடியிருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் வேறு. மரபணுவும் இதில் சேர்கிறது. ஏபிசிசி11 என்ற ஒரு மரபணுவின் ஒரு வடிவம் அப்பா, அம்மா இரண்டு பக்கமிருந்தும் வந்திருந்தால், காதுக் குறும்பி ஈரமாக இல்லாமல் உலர்ந்து செதிலாக இருக்கும். இதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006-இல் கண்டுபிடித்தார்கள். அதே ஆட்களுக்கு அக்குள் வாடையும் மிகக் குறைவு. கொரியாவில் பெரும்பாலானவர்கள் இப்படித்தான்.

சாப்பாடும் சேரும். வெந்தயக் களி தொடர்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு வியர்வையில் ஒரு இனிப்பு வாடை வருவதைக் கவனித்திருப்பீர்கள், பிள்ளை பெற்ற வீடுகளில் இது தெரியும். வெந்தயத்தில் இருக்கும் சோட்டலான் என்ற பொருள் வியர்வை வழியாகவும் சிறுநீர் வழியாகவும் வெளியே வருகிறது. கருகின வெல்லப்பாகு மாதிரி இருக்கும் அந்த மணம், இனிப்பான சென்ட்டோடு சேர்ந்தால் இழைந்துபோகும். கடல்வாடையைப் போலச் செய்த புத்துணர்ச்சி வகை சென்ட்டோடு சேர்ந்தால் ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கும் என்பது என் அனுபவம். மணிக்கட்டில் இந்தக் கலப்பு குறைவு, கழுத்திலும் மார்பிலும் சற்றுக் கூடுதல், அக்குளில்தான் மிக அதிகம். டியோ வகையை நண்பரிடம் மோந்து பார்த்துப் பிடித்துப்போய் வாங்கிவிட்டு ஏமாறுகிறவர்கள் அதிகம் இருப்பது இதனால்தானோ என்று தோன்றுகிறது.

இந்தக் கலப்பைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஒன்று பிராக் நகரத்தில் நடந்து 2012-இல் வெளிவந்தது. ஆட்களை ஒரு அக்குளில் தாமே விரும்பித் தேர்ந்தெடுத்த சென்ட்டையும், இன்னொரு அக்குளில் ஆய்வாளர்கள் கொடுத்த சென்ட்டையும் போட்டுக்கொள்ளச் செய்து, பஞ்சில் பிடித்த வாசனையை மற்றவர்களிடம் மோக்கக் கொடுத்தார்கள். சென்ட்டைத் தனியாக மோந்தபோது இரண்டும் ஒரே அளவு பிடித்ததாகச் சொன்னவர்கள், உடம்பு வாசனையோடு கலந்தபோது அவரவர் தாமே தேர்ந்தெடுத்தது நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். "எனக்கு இதுதான் பிடிக்குது, ஏன்னு தெரியல" என்று நாம் கை வைக்கும் பாட்டிலில், நம் உடம்பு வாசனைக்கு எது பொருந்தும் என்கிற ஒரு அறிவு ஒளிந்திருக்கலாம். பரிசாக வந்த சென்ட் செட் ஆகாமல் போவதும் இதே கதையின் மறுபக்கம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் தோல். எங்கள் வீட்டுச் சோதனையில் இன்னொன்றும் நடந்தது. ராத்திரி எட்டு மணிக்குக் கைக்குட்டையில் சந்தனம் ஓய்ந்து வெள்ளைக் கஸ்தூரி மட்டும் மிச்சமிருந்தது. எனக்கு அது வெளுத்து வெயிலில் காயவைத்த பருத்தித் துணி மாதிரி தெளிவாகத் தெரிந்தது. அம்மாவிடம் நீட்டினேன். "வெறும் துணிதானே?" என்றார். மூக்கடைப்பு இல்லை, அடுப்பில் காய்கிற பால் வாசத்தைப் பக்கத்து அறையிலிருந்தே சொல்லிவிடுவார். அந்த ஒரு வாசனை மட்டும் அவருக்கு இல்லை.

இது அபூர்வமான குறை இல்லை. நம் மூக்கில் ஏறத்தாழ 400 வகை வாசனை ஏற்பிகள், அதாவது வாசனை மூலக்கூறுகளைப் பிடித்து உணரும் புரதங்கள், வேலை செய்கின்றன. இந்த ஏற்பிகளின் மரபணுக்களை 1991-இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸெல் இருவருக்கும் 2004-இல் நோபல் பரிசு கிடைத்தது. எந்த இரண்டு பேரை எடுத்து ஒப்பிட்டாலும் இந்த ஏற்பிகளில் 30 சதவீதம் போல வேறுபட்டு வேலை செய்கின்றன என்று 2014-இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. செயற்கைக் கஸ்தூரிப் பொருட்களில் ஒன்றோ இரண்டோ அடியோடு தெரியாதவர்கள் நம் நடுவில் நிறையப் பேர் இருக்கிறார்கள். வயலட் பூவின் மணத்தைத் தரும் பீட்டா அயனோன் சிலருக்குப் பூவாகவும் சிலருக்குப் புளித்த காடியாகவும் படுவதற்கு ஒரே ஒரு ஏற்பி மரபணு காரணம். ஆக, "உன் மேல வேற மாதிரி இருக்கு" என்று ஒருவர் சொன்னால், அது உங்கள் தோலைப் பற்றியதா, அவர் மூக்கைப் பற்றியதா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதற்கு நல்ல சாட்சி மாலிக்யூல் 01 என்ற சென்ட். 2006-இல் கெசா ஷோன் என்ற ஜெர்மானியர் கொண்டுவந்தது. அதில் வாசனைக்கென்று இருப்பது ஐசோ ஈ சூப்பர் என்ற ஒரே பொருள், மீதி ஆல்கஹால். தேவதாரு மரத்தை இழைத்த தூள் மாதிரி, வெல்வெட் மாதிரி லேசான மணம். அதைப் போட்டுக்கொள்கிறவர்கள், "எனக்கு வருது, போகுது, திரும்ப வருது", "என் ஃப்ரெண்ட் மேல வேற மாதிரி இருக்கு" என்று சத்தியம் செய்கிறார்கள். மேலே பறந்து போக எலுமிச்சை இல்லை, நடுவில் ஓய மல்லிகை இல்லை, வரிசை மாறுவதற்கே இடமில்லை. இருந்தும் மாறித் தெரிகிறது என்றால், மோக்கிற மூக்கும் அது பழகிப்போவதும்தான் பெரிய காரணமாக இருக்க வேண்டும். ஒரு வாசனைக்குள் சில நிமிஷம் இருந்தாலே மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும். பூக்கடைக்காரருக்கு மல்லிகை தெரியாத மாதிரி. உங்கள் மேல் ஒன்றும் இல்லை என்று நீங்கள் மறுபடி மறுபடி அடித்துக்கொள்ளும்போது, லிஃப்டில் பக்கத்தில் நிற்கிறவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

வாங்கப் போகும்போது இதையெல்லாம் வைத்து என்ன செய்வது? காகிதப் பட்டையை நிராகரிப்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். பிடிக்காததைத் தள்ளிவிட்டு, மிஞ்சின இரண்டைக் கையில் ஒன்று, முழங்கையின் உள்மடிப்பில் ஒன்று போட்டுக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். கடைக்குள்ளேயே நின்று, முதல் ஐந்து நிமிஷத்து எலுமிச்சைக்கு மயங்கிப் பணம் கொடுத்தால், வீட்டுக்குக் கொண்டுபோவது நீங்கள் மோந்தே பார்க்காத வேறொரு வாசனையை. ஒரு மணி நேரம் கழித்தும் சாயங்காலமும் மோந்து பாருங்கள், இன்னொரு மூக்கிடமும் காட்டுங்கள். மணிக்கட்டைத் தேய்த்தால் மூலக்கூறு நசுங்கும் என்பதெல்லாம் பேச்சுக்குச் சொல்வது, அவ்வளவு சின்னதை விரலால் நசுக்க முடியாது. தேய்க்கும்போது சூடாகிப் பரவுவதால் முதல் வாசனை கொஞ்சம் சீக்கிரம் போகும், அவ்வளவே. வறண்ட சருமம் என்றால் குளித்த ஈரம் காய்வதற்குள் வாசனையில்லாத க்ரீமோ வாசலினோ தடவிவிட்டு அதன்மேல் அடியுங்கள். தேங்காய் எண்ணெயும் பிடித்து வைக்கும், ஆனால் அதன் வாசமும் கூட வரும். எலுமிச்சை வகை, அதிலும் பெர்கமோட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் எண்ணெய் சேர்ந்ததைப் போட்டுக்கொண்ட இடத்தில் நேர் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தோல் கறுத்துத் திட்டு விழலாம். அரிப்போ தடிப்போ வந்தால் அந்த சென்ட்டை விட்டுவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். துணியில் அடித்தால் நெடுநேரம் நிற்கும், ஆனால் உங்கள் தோல் அதில் சேராது, எல்லோர் மேலும் ஒரே மாதிரி இருக்கும். பட்டில் மட்டும் வேண்டாம், கறை போகாது.

என்னைப் போல வறண்ட கைக்கு நான் கண்டுகொண்ட நல்ல வழி அத்தர். உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் பரம்பரையாகச் செய்கிறவர்கள் செம்பு அண்டாவில் பூவைத் தண்ணீரோடு கொதிக்கவைத்து, அந்த ஆவியை மூங்கில் குழாய் வழியாகச் சந்தன எண்ணெய் இருக்கும் பாத்திரத்துக்குள் இறக்குவார்கள். பூவின் மணம் சந்தன எண்ணெயிலேயே கரைந்து தங்கிவிடும். சந்தனம் விலை ஏறிவிட்டதால் இப்போது பலர் வேறு எண்ணெயில் இறக்குகிறார்கள். எதுவானாலும் ஆல்கஹால் இல்லை. என் தோலில் இல்லாத எண்ணெயை அத்தர் தானே கொண்டுவருகிறது. நம் வீடுகளில் ஜவ்வாதைச் சந்தனத்தில் குழைத்துப் பூசியதும் இதே கணக்குத்தான்.

திருவல்லிக்கேணியில் நான் போகும் அத்தர் கடைப் பெரியவர், கண்ணாடிக் குச்சியைக் குப்பிக்குள் விட்டு எடுத்து, புறங்கையில் ஒரு கோடு இழுப்பார். விலை கேட்டால் சொல்ல மாட்டார். "போய் ஒரு டீ குடிச்சிட்டு, ஒரு சுத்து சுத்திட்டு வாங்கம்மா. அப்புறமும் பிடிச்சிருந்தா எடுத்துக்குங்க" என்பார். போன மாதம் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு பேர் கையிலும் ஒரே மல்லிகை அத்தரைக் கோடு இழுத்தார். பைக்ராஃப்ட்ஸ் ரோட்டில் பழைய புத்தகக் கடைகளைப் பார்த்துக்கொண்டே போய், டீ குடித்து, கடற்கரைவரை நடந்துவிட்டுத் திரும்பும்போது பெரியம்மா என் கையைப் பிடித்து மோந்தார், தன் கையை மோந்தார், மறுபடி என் கையை மோந்தார். "உன் கையில இன்னும் பூ இருக்குடி. என் கையில வெறும் கட்டைதான் வருது" என்றார்.

அவருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது, தோல் காகிதமாக உலர்ந்திருக்கிறது. கைப்பையிலிருந்து வாசலினை எடுத்து அவருக்குத் தேய்த்துவிட்டேன். பெரியவர் இன்னொரு கோடு இழுத்தார்.